டயல் செய்வது யார் கையில்?

'இந்த எண்ணுக்கு டயல் செய்யுங்கள்' என்று பில்லிலும் விளம்பரத்திலும் நாம் அச்சிட்டு வருகிறோம். இன்றைய கைப்பேசியில் சுழற்ற ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது.

'டயல்' என்பது நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே வந்தது. நிழலால் பொழுது காட்டும் சூரியக் கடிகாரத்துக்குப் பெயராக இருந்து, பிறகு கடிகார முகப்புக்கு ஆகி, எண்கள் பொறித்த வட்டத் தகடாகத் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. 1963-ல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி அறிமுகமான பிறகும் சொல் மாறவில்லை.

இந்தச் சுழல் தகட்டுக்கு வழி திறந்தவர் நம்மைப் போல் தொழில் நடத்திய ஒருவர் என்பதை வணிகப் பெருமக்கள் அறிய வேண்டும். அவர் பெயர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குக்கு வேண்டியதைச் செய்து தரும் தொழில் அவருக்கு. அக்காலத்தில் ஒருவரோடு பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் உள்ள ஆபரேட்டர் இணைப்புத் தர வேண்டும். தம்மைக் கேட்டு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக ஸ்ட்ரோஜர் சந்தேகப்பட்டார் என்று சொல்வார்கள். ஆபரேட்டரே தேவைப்படாத எக்ஸ்சேஞ்சுக்கு அவர் 1891-ல் காப்புரிமை பெற்றார். 1892-ல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. முதலில் பொத்தான்களே இருந்தன. சில ஆண்டுகளில் அவரது நிறுவனத்தாரின் முயற்சியால் சுழல் தகடு வந்தது.

டிரங்கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த நம் மூத்த வணிகர்களுக்கு, நடுவில் ஒருவர் இருப்பதன் அருமையும் தெரியும், அவதியும் தெரியும்.

இன்று அந்த ஆபரேட்டர் வேறு வடிவில் திரும்பியிருக்கிறார். வாடிக்கையாளர் கைப்பேசிச் செயலியில் சரக்கைத் தேடுகிறார். யார் கடையை முதலில் காட்டுவது என்பதைச் செயலி நடத்துவோர் முடிவு செய்கிறார்கள். விற்றால் கமிஷன் வேறு. வாங்கியவரின் தொலைபேசி எண் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை.

செயலியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருகிற வியாபாரத்தை விடுவானேன்? ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து. கடைக்கு வருகிற வாடிக்கையாளரின் எண்ணை அவர் சம்மதத்தோடு நம் பேரேட்டில் எழுதிவைப்போம். நம் எண்ணைப் பில்லிலும் பையிலும் தெளிவாக அச்சிடுவோம். போன் அடித்தால் உடனே எடுத்து, கேட்ட சரக்கைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வோம். வாடிக்கையாளர் நேராக நம்மை அழைக்கும் வழி அடைபடாமல் இருந்தால்தான் கடை நம்முடையது என்பதே நமது கருத்து.