அரசுப் பணம் கொள்ளை போவதைச் சொன்னால் பரிசா, பகையா? அமலுக்கே வராத 2014 சட்டமும், சில கேள்விகளும்

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் திட்டத்தில் 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த மோசடி ஞாபகம் இருக்கிறதா? நிலமே இல்லாதவர்கள், விவசாயமே செய்யாதவர்கள் எனத் தகுதியில்லாத 5.5 லட்சத்துக்கும் அதிகமானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் கைமாறியதாக அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். செஞ்சியை ஒட்டிய வல்லம் ஒன்றியம் அடங்கிய விழுப்புரம் மாவட்டமும் இதில் சிக்கியது.

பயனாளிகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளின் யூசர் ஐடி, பாஸ்வேர்டு ஒப்பந்த ஊழியர்கள் வழியாகக் கணினி மையங்கள், தரகர்கள் வரை போய்விட்டதுதான் வழி. ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் பணிநீக்கம், 34 அதிகாரிகள் சஸ்பெண்ட், சிபிசிஐடி விசாரணை, கைதுகள் என நடவடிக்கைகள் வரிசையாக வந்தன.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய பதிவு வேலை ஒரே ராத்திரியில் நடந்திருக்காது. ஏதோ ஒரு அலுவலகத்தில், ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இதைப் பார்த்த ஒருவர், "இது தப்பு" என்று வெளியே சொல்ல நினைத்திருந்தால், அவருக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்கும்?

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது, புத்தகத்தில். அதன் கதை 2002-ல் தொடங்குகிறது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும், கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் பீகாரின் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கும்பலின் வேலை என்றது சிபிஐ. ஆனால், பெயர் கசிந்தது எழுப்பிய கோபம் அடங்கவில்லை.

அதன் விளைவாக 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பெயரை மறைத்துப் புகார் பெறும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் தரப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலைப் பெற்றது. புகார்தாரரின் அடையாளத்தை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் 2 ஆண்டு வரை சிறை. பேர் போடாத மொட்டைக் கடிதத்துக்கு இடமில்லை.

எல்லாம் சரி, அமலுக்கு வரும் தேதியைத்தான் அரசு இன்னும் அறிவிக்கவில்லை. முதலில் திருத்தம் வேண்டும் என்று 2015-ல் மக்களவையில் ஒரு மசோதா நிறைவேறியது. 10 வகைத் தகவல்களைப் புகாரில் சொல்லவே கூடாது என்றது அது. மாநிலங்களவையில் தேங்கி, 2019-ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.

பரிசு கொடுக்கும் நாடு எது?

அமெரிக்கா. உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்று ஏமாற்றியவர்களைப் பிடிக்க, 1863-ல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் வந்தது பொய்க் கோரிக்கைகள் சட்டம். அரசை ஏமாற்றுபவர் மீது யார் வேண்டுமானாலும் அரசின் சார்பில் வழக்குப் போடலாம். அரசும் வழக்கில் சேர்ந்தால், மீட்ட பணத்தில் 15 முதல் 25 சதவிகிதம் வரை வழக்குப் போட்டவருக்கு. சேராவிட்டால் 25 முதல் 30 சதவிகிதம். ஏமாற்றியவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி 979 வழக்குகள் தாக்கலாகின.

இதில் ஓர் இந்தியக் கதையும் உண்டு. ரான்பாக்ஸி நிறுவனம் மருந்துத் தரம் குறித்துப் பொய்த் தரவுகள் கொடுத்ததை அம்பலப்படுத்தியவர் அதன் முன்னாள் அதிகாரி தினேஷ் தாக்குர். 2013-ல் நிறுவனம் 50 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தாக்குருக்குக் கிடைத்தது 4.8 கோடி டாலருக்கும் மேல். இந்திய நிறுவனம், இந்திய வம்சாவளி அதிகாரி, ஆனால் கைகொடுத்தது அமெரிக்கச் சட்டம்!

இந்தியாவில் பரிசே கிடையாதா?

உண்டு, ஆனால் ஒரு பக்கம் மட்டும். வரி ஏய்ப்பைச் சொன்னால் வருமான வரித்துறையின் 2018 திட்டப்படி 50 லட்சம் ரூபாய் வரை, வெளிநாட்டுக் கறுப்புப் பணம் என்றால் 5 கோடி வரை, பினாமி சொத்துக்கு 1 கோடி வரை கிடைக்கும். பங்குச் சந்தையில் உள்தகவல் வணிகத்தைக் காட்டிக்கொடுத்தால் செபி 10 கோடி வரை தரும்.

அதாவது, அரசுக்கு வரவேண்டிய பணம் வராமல் போனால் சொன்னவருக்குப் பரிசு. அரசுக் கஜானாவிலிருந்து போகக் கூடாதவர்களுக்குப் போனால்? நலத்திட்டம், டெண்டர், சாலைப் பணி மோசடிகளைச் சொல்பவருக்கு அப்படிப் பங்கு தரும் தேசியச் சட்டம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 1,000 போலிப் பயனாளிகளுக்கு ஒரு தவணை 2,000 ரூபாய் போனால், நஷ்டம் 20 லட்சம். அமெரிக்க முறையில் 15 சதவிகிதம் என்றால் சொன்னவருக்கு 3 லட்சம். வேலை போகும் என்று பயப்படும் ஒப்பந்த ஊழியருக்கு இது சின்னத் தொகை இல்லை.

காசு ஆசையில் பொய்ப் புகார் குவியாதா?

நியாயமான பயம்தான். சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளவும் சிலர் கிளம்புவார்கள். ஆனால் அமெரிக்க முறையில் புகார் கொடுத்ததுமே காசு வராது. மோசடி நிரூபணமாகி அல்லது சமரசமாகி, பணம் மீட்கப்பட்ட பிறகுதான் பங்கு. பொய்ப் புகாருக்குச் சிறை என்று நம் சட்டமே சொல்கிறது. முதலில் அதை அமல்படுத்தணுமே!

பரிசை விட உயிர் முக்கியம் என்பதும் உண்மை. தாமிரபரணி மணல் கொள்ளை பற்றிப் போலீஸில் புகார் கொடுத்த தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு விஏஓ லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரலில் தன் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சில மாதங்களிலேயே இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால், கொலைக்குத் தண்டனை வேறு, கொலைக்கு முன் பாதுகாப்பு வேறு.

இப்போதைக்கு என்ன வழி?

மத்திய அரசு அலுவலகம், பொதுத்துறை வங்கி, பொதுத்துறை நிறுவனம் சார்ந்த முறைகேடு என்றால் 2004 தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலருக்குத் தபால் அனுப்பலாம். மூடிய கவரின் மேல் 'பி.ஐ.டி.பி.ஐ.' என்று ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் பெயர், முகவரியைக் கடிதத்துக்குள்ளே மட்டும் குறிப்பிட வேண்டும். கவரின் மேல் எழுதினால் ரகசியம் அங்கேயே போச்சு.

மாநில அரசு ஊழியர்கள் இதன் வரம்புக்குள் வர மாட்டார்கள். அவர்கள் மீதான புகாருக்கு லஞ்ச ஒழிப்புத்துறை, லோக் ஆயுக்தா என வாசல்கள் இருக்கின்றன. ஆக, ஒரு வட்டார வேளாண் அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைப் பார்ப்பவருக்குப் புகார் கொடுக்க இடம் உண்டு. கொடுத்த பிறகு அவருடைய வேலைக்கும் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டிய சட்டம், ஓர் அரசிதழ் அறிவிப்புக்காக 2014-லிருந்து காத்திருக்கிறது.