சிப்பாயைக் கொடுக்கப் பழகட்டும்

1600 ரேட்டிங்குக்குக் கீழ் உள்ளவர்களுக்கான செஸ் போட்டி அரங்கில் ஒரு சுற்று வந்தால், வெள்ளைக் காய்களோடு உட்காரும் சிறுவர்கள் பலரும் ஒரே மாதிரி ஆடுவதைப் பார்க்கலாம். ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம் நகரும். பிஷப் எஃப்4-க்கு வரும். இ3, சி3 என்று சிப்பாய்கள் அரண் கட்டும். இதுதான் லண்டன் சிஸ்டம். மோசமான ஓப்பனிங் அல்ல, முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனே ஆடியிருக்கிறார். ஆனால், எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய இதே நகர்த்தல்கள் என்பதால், பத்து வயதுப் பிள்ளை யோசிக்காமலேயே முதல் எட்டு நகர்த்தல்களைக் கடந்துவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இது பெரிய இழப்பு.

மாற்று, புதிதாகத் தேட வேண்டியதில்லை. வில்லியம் டேவிஸ் எவன்ஸ் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். வேல்ஸைச் சேர்ந்த கப்பல் கேப்டன். 1820-களில் அவர் கண்டுபிடித்ததுதான் எவன்ஸ் கேம்பிட். இத்தாலிய ஆட்டத்தில் கருப்பு பிஷப் சி5-க்கு வந்ததும், வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயை நீட்டும். பிஷப் அதை வெட்டினால், சி3 அதை விரட்டும், தொடர்ந்து டி4. ஒரு சிப்பாய் போனது, நடுப்பலகை கைக்கு வந்தது, எஃப்7 கட்டத்தை நோக்கி வழிகளும் திறந்தன. இனி ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்கிட்டே ஆக வேண்டும். தாமதித்தால் கொடுத்த சிப்பாய் கொடுத்ததுதான்.

பழங்காலத்துப் பண்டம் என்று இதை ஒதுக்க முடியாது. 1995-இல் ரிகா நகரில் காஸ்பரோவ் இதை எடுத்து ஆடினார். எதிரே நம் விஸ்வநாதன் ஆனந்த். 25 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. அதே ஆண்டு உலகப் பட்டத்துக்காக மோதவிருந்த இருவரில் ஒருவரை, ஓர் அமெச்சூர் கண்டுபிடித்த ஓப்பனிங் சாய்த்தது.

சிப்பாயைக் கொடுத்து ஆடினால் பிள்ளை தோற்று ரேட்டிங் சரியுமே என்ற பெற்றோரின் பயம் புரிகிறது. 2024 மார்ச் முதல் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அதற்குக் கீழே சரிந்தால் ரேட்டிங்கே இல்லை. மாதக்கணக்கில் பயணமும் நுழைவுக் கட்டணமும் செலவழித்தவர்களுக்கு ஒரு தோல்விகூடக் கனக்கும். ஆகவே, பயிற்சி மையங்கள் ரேட்டிங் கணக்கில் சேராத போட்டிகளை நடத்த வேண்டும். எல்லாப் பலகைகளிலும் பி4 ஆடிய நிலையிலிருந்தே ஆட்டம் தொடங்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை வெள்ளையிலும் ஒருமுறை கருப்பிலும் ஆடட்டும். முடிந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறக்காமல், எங்கே தவறியது என்று தாங்களே தேடட்டும்.