யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

"வெறும் வேடிக்கைப் படந்தானே, அதில் என்ன கொள்கை இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு மறுமொழி கூறவே இக்கட்டுரை. நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் என்றால் எள்ளுபவன் ஒருவன், எள்ளப்படுபவன் ஒருவன் உண்டல்லவா? இவ்விருவரில் வலியவன் யார், எளியவன் யார் என்று பாருங்கள். படத்தின் கொள்கை தானே வெளிப்படும்.

நாகர்கோவில் திருவிதாங்கூரோடு இருந்த நாளில், 1908-இல், அங்கே பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அண்ணா எழுத, அவர் நடித்த 'நல்லதம்பி' 1949-இல் வந்தது. அதில் வரும் கிந்தனார் காலட்சேபம், நந்தனார் கதையின் வடிவை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயர்வதைச் சொல்கிறது. கோயில் வாயிலில் நின்ற நந்தன் பள்ளிக்கூட வாயிலுக்கு வந்துவிட்டான்! அங்கே எழும் சிரிப்பு சிறுவனைப் பார்த்து அன்று. அவனைத் தடுத்த வழக்கத்தைப் பார்த்து.

கடல் கடந்தும் இதையே காண்கிறோம். எகிப்து நாட்டின் அரபு நகைச்சுவை நடிகர் ஆதில் இமாம் நடித்த 'பயங்கரவாதமும் கபாபும்' 1992-இல் வெளிவந்தது. பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவதற்காகக் கெய்ரோவின் மாபெரும் அரசு அலுவலகத்தில் அலைந்து சலித்த எளியவன் ஒருவன், துப்பாக்கி கைக்கு வந்ததும் பயங்கரவாதி ஆகிவிடுகிறான். கோரிக்கை என்னவென்று அதிகாரிகள் கேட்க, அங்கிருந்தவர்கள் கேட்டது கபாப்! 2012-இல், தம் படங்களில் சமயத்தை இழிவுபடுத்தினார் என்று ஆதில் இமாமுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; பிறகு மேல்முறையீட்டில் அது நீங்கியது. வெறும் வேடிக்கை என்றால் வழக்கு எதற்கு?

இனி, நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். ஸ்ரீனிவாசன் எழுதி, சத்யன் அந்திக்காடு இயக்கிய 'நாடோடிக்காற்று' (1987) படத்தில், துபாய் என்று நம்பி இரு இளைஞர்கள் அரபு உடையோடு சென்னைக் கரையில் இறங்குகிறார்கள். அவர்களே 1991-இல் தந்த 'சந்தேசம்' ஒரே வீட்டில் இரு கட்சிகளாய் மோதும் அண்ணன் தம்பியரைக் காட்டியது. மலையாளிகள் தங்கள் வேலையின்மையையும் கட்சி வெறியையும் தாங்களே எள்ளிக்கொண்ட படங்கள் இவை. இந்தத் துணிவைப் போற்றாமல் இருக்க முடியுமா?

ஆனால் 2005-இல் வந்த 'பாண்டிப்பட'யில் தமிழகச் சிற்றூர் என்றாலே அடியாட்களும் பகையுமாகக் காட்சி தருகிறது. 'பாண்டி' என்ற சொல் தெருவில் வசையாகப் புழங்குவதை நாம் அறிவோம். அந்த வசைக்குத் திரை ஓர் உருவம் கொடுத்துவிட்டது. வகுப்பில் அச்சொல் காதில் விழும்போது தானும் சிரித்துவைத்து, மெல்லத் தன் தமிழை மறைத்துக்கொள்ளும் மாணவன் இழப்பது சிறிதன்று.

பழியை ஒரு பக்கமே போடுவதும் நியாயமன்று. நம் தமிழ்ப் படங்கள் மலையாளி என்றவுடன் தேநீர்க்கடை நாயரைத்தானே நிறுத்தின? அதுவும் அதே சோம்பலின் விளைவு.

வட்டாரப் பேச்சை வைத்துச் சிரிக்கவே கூடாதா? சிரிக்கலாம். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்துச் சமையல்காரன் காமேஸ்வரன் பேசும் பாலக்காட்டுத் தமிழைக் கேட்டு, வலியசாலை அக்கிரகாரத்துக்காரரும் மனம் விட்டுச் சிரிப்பார். அவன் பேச்சு நகை தருகிறது. அவன் நேர்மையோ மதிப்பைத் தருகிறது. மனிதன் சிறுமைப்படவில்லை.

ஆகவே நண்பர்களே, ஆண்டுவிழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுத உட்காரும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எள்ளப்படுபவன் இந்த அரங்கில் அமர்ந்திருந்தால், அவனும் நம்மோடு சேர்ந்து சிரிப்பானா? சிரிக்கமாட்டான் என்றால், அவன் அதிகாரம் படைத்தவனாக இருக்கட்டும். அப்போது தாராளமாக எழுதுங்கள். எளியவனாக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.