இ20 பெட்ரோல்: பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர் வைத்திருப்போர் கவனத்துக்கு

பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2030-க்கு வைத்திருந்த இலக்கை அரசு 2025-26-க்கே கொண்டுவந்துவிட்டது. கார், பைக் பற்றித்தான் பேச்செல்லாம். உங்கள் டூ ஸ்ட்ரோக் கருவிகளை யாரும் நினைப்பதில்லை.

எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு. எரிசக்தியோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் அளவிலேயே ஓட்டினால் கலவையில் காற்று மிகுந்து, இழுவை குறையும், இன்ஜின் சூடேறும். இழுவைக்காக ஏர் பில்டரைக் கழற்றுவதும் சைலன்சரைத் துளைப்பதும் இந்தச் சூட்டை இன்னும் ஏற்றும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கார்புரேட்டரில் அதிவேகத்துக்கான ஊசித் திருகு இருந்தால், மெக்கானிக்கை வைத்துச் சிறிது திறந்து பாருங்கள். திருகு இல்லாத மாடலில் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடலாம். இந்த அளவு மாற்றம் போதும். ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள்: கையேட்டில் 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும்; அதில் ஆயில் இருக்காது. வேலை முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.