கைகுலுக்கலும் மறதியும்

1913 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் கூடினர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு என இரு அணிகளில் நின்று பொருதவர்களுள் எஞ்சியோர் அவர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தென்னகப் படை பாய்ந்துவந்து சிதறிய கல்மதிலின் இருபுறமும் நின்று, தளர்ந்த கைகளை நீட்டிக் குலுக்கிக்கொண்டனர். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் காண்போர் நெஞ்சை உருக்கும். ஆயினும், அப்படத்தில் இடம்பெறாதவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும்.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அப்போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென் மாநிலங்கள் பிரிந்து சென்றமைக்கு அடிமைமுறையே மூலகாரணம். தென்னகக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையர்க்கு நிகரல்லர் என்னும் கொள்கையே தம் புதிய அரசின் மூலைக்கல் என 1861இல் மேடையிலேயே முழங்கினார். தோல்விக்குப் பின் அவரே, மாநில உரிமையை முன்னிட்டே போர் மூண்டது என நூல் எழுதினார். எத்துணை விரைவான மாற்றம்!

படைத்தலைவர் ஜூபல் எர்லி அவ்வழியில் மேலும் நெடுந்தொலைவு சென்றார். தளபதி லீ குறையற்றவர் என்றும், எதிரியின் ஆள்பலமும் பொருள்வளமுமே அவரை வீழ்த்தின என்றும் பரப்பினார். கெட்டிஸ்பர்க் தோல்வியின் பழி, லாங்ஸ்ட்ரீட் என்னும் மற்றொரு தென்னகத் தளபதியின் தலையில் ஏற்றப்பட்டது. போருக்குப் பின் அவர் லிங்கனின் கட்சியில் சேர்ந்ததையும், நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பர் இடம்பெற்ற படைக்குத் தலைமை தாங்கியதையும் பழைய தோழர்கள் மன்னிக்கவில்லை. 1889இல் தோன்றிய தென்னக முன்னாள் வீரர் சங்கமோ, வரலாற்றுக் குழு ஒன்றை அமைத்துப் பள்ளிப் பாடநூல்களை ஆராய்ந்து, தனக்கு ஒவ்வாதவற்றை விலக்கக் கோரியது. பாடநூலைக் கையில் ஏந்தியுள்ள மாணவர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் தகும்.

வடபுல வீரர்களுக்கும் சங்கம் இருந்தது. அதன் தலைவர் ஜான் லோகன் 1868இல் விடுத்த ஆணையின்படியே, மே 30 அன்று கல்லறைகளுக்கு மலர் சூட்டும் வழக்கம் நாடெங்கும் பரவியது. கறுப்பின வீரர்களும் அச்சங்கத்தில் உறுப்பினராயினர். எனினும், முதுமை நெருங்க நெருங்க அவ்வீரர் பலரும் இருதரப்பு மறத்தையும் போற்றுவதில் மனம் நிறைந்தனர். எதற்காகப் போரிட்டோம் என்ற பேச்சு அரங்கில் அருகிப்போயிற்று. குண்டுமழையின் கொடுமையையும் உடனிருந்தோர் சாவையும் உரைக்கும் உரிமை போர்க்களம் கண்டவர்க்கே உண்டு. ஆனால், போர் எதனால் மூண்டது என்பதில் அவர் சொல்லே முடிந்த முடிபாகாது. இவ்வேறுபாட்டை அமெரிக்கா நெடுங்காலம் உணரவில்லை. அடிமையாய்ப் பிறந்து விடுதலைக் குரலாய் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் தம் இறுதிக்காலம் வரை இதனை எடுத்துரைத்தும் கேட்டவர் சிலரே.

கெட்டிஸ்பர்க் கூடலில் உரையாற்றிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், பழம்பகை மறக்கப்பட்டதெனப் பெருமிதம் கொண்டார். அவ்வாண்டிலேயே அவரது நிருவாகம் நடுவண் அரசு அலுவலகங்களில் கறுப்பினப் பணியாளர்களைத் தனியே பிரித்து அமர்த்தத் தொடங்கியது. வடபுலப் படையில் போரிட்ட கறுப்பின வீரர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். அவர்தம் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் வாஷிங்டனில் 1998இல் திறக்கப்பட்டது. அதனைக் காண அவர்களுள் ஒருவரும் அன்று உயிருடன் இல்லை.