கோழி செத்தால் தலைவிதியா?



சங்க வேலையாக ஈஜோக், ஜெராம், புஞ்சாக் ஆலாம் பக்கம் போனால் சம்பளம், வீடு பற்றித்தான் பேச்சு இருக்கும். பேசி முடித்துக் கிளம்பும்போது யாராவது ஒரு அக்கா, "அண்ணே, கோழியெல்லாம் ஒரே வாரத்துல போயிருச்சு" என்பார். இது சிரிக்கிற விஷயமல்ல. பிள்ளையின் பள்ளிச் சீருடையும் திருவிழாச் செலவும் பல வீடுகளில் அந்தக் கோழிக் கூண்டுக்குள்தான் இருக்கின்றன.

நான் தோட்டப் பள்ளியில் நாலாம் ஆண்டு படித்தபோது எங்கள் லயத்திலும் இதே கதைதான். பச்சையாகக் கழிந்தன; கழுத்து திருகிக்கொண்டது; மூச்சு இழுத்தது. அம்மா வளர்த்த பதினாலும் போயின. "எல்லாம் தலைவிதிடா" என்றார் அம்மா.

விதியல்ல, கிருமி. மலாய்க்காரர்கள் 'சம்பார்' என்பார்கள். தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இதைக் கண்டறிந்தார்கள். வந்த பிறகு தீர்க்க மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்து உண்டு. அது இரண்டு வகை.

ஒன்று, உயிருள்ள மருந்து. வீரியம் குறைந்த கிருமியைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடலாம், குடிநீரிலும் கொடுக்கலாம். அது கோழியின் மூக்கிலும் தொண்டையிலும் பெருகும். உடம்பு அதைப் பார்த்து, நோய் நுழைகிற இடத்திலேயே எதிர்ப்பை உண்டாக்கும். இது வாசல் காவல். சீக்கிரம் வரும், ஆனால் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

மற்றது, கொன்ற கிருமி. எண்ணெயோடு கலந்து ஒவ்வொரு கோழிக்கும் ஊசி போட வேண்டும். அது பெருகாது. எதிர்ப்பு மெதுவாக வரும். ஆனால் இரத்தத்தில் அதிகமாகவும் நெடுநாளும் நிற்கும். இது வீட்டுக்குள் காவல். வாசலில் அது பலவீனம்தான். முதலில் உயிருள்ள மருந்து, பிறகு ஊசி என்று கொடுத்தால் பலன் பல மடங்கு. முட்டைப் பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். லயத்துக் கோழிக்குச் சொட்டு மருந்தே கைக்கு எட்டுவது.

"போட்டோமே, அப்புறமும் செத்துச்சே!" என்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை நானே ஒரு குப்பி வாங்கி, மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தேன். அடுத்த மாதம் சம்பார் வந்து பாதிக் கோழிகள் செத்தன. "மருந்து பொய்" என்றார்கள். பொய்யல்ல, உயிருள்ள மருந்தை நான்தான் கொன்றேன். வெயிலும் கொல்லும், குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினும் கொல்லும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். கலந்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குஞ்சுக்கு முட்டை வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்பும் முதல் வாரங்களில் மருந்தை அழித்துவிடும். ஆகவே மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். பிறகு நாலு மாதத்துக்கு ஒருமுறை.

நம்மைப் போன்றவர்களை அறிஞர்கள் நினைக்காமல் இல்லை. 1980களில் நம் சிலாங்கூரின் செர்டாங்கில், அன்றைய பெர்தானியான் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, சூடு தாங்கும் வி4 கிருமியைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிக்குக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டுக்காகத்தான் அந்தப் பாடு.

குறை எங்கே? குப்பி பண்ணைக் கணக்கில் வருகிறது. ஒரே குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு மருந்து. பத்துக் கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் யாரும் வாங்குவதில்லை.

என் அபிப்பிராயம் இது. லயத்துக்கு லயம் கோழிகளை எண்ணுங்கள். காசு சேர்த்து ஒரு குப்பி வாங்குங்கள். நாலு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, காலையில் கூண்டைத் திறக்குமுன் எல்லா வீட்டுக்கும் சொட்டு விடுங்கள். மருந்து வைக்கக் குளிர்பெட்டியில் இடம் தருமாறு நிர்வாகத்தைக் கேளுங்கள். முதல் தடவை வந்து கற்றுக்கொடுக்கும்படி கால்நடை இலாகாவுக்கு மனு எழுதுங்கள்; எழுதத் தெரியாவிட்டால் சங்கம் எழுதித் தரும்.

ஒன்று மறக்காதீர்கள். மருந்து போட்ட கோழியும் கிருமியைச் சுமக்கலாம். நோய்க் கோழியை அவசரமாகப் பக்கத்துத் தோட்டத்தில் விற்காதீர்கள். செத்ததைக் கால்வாயில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேச்சில் எடுங்கள். கோழி சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுக் கூண்டு காலியாகவில்லை என்று அர்த்தம்.