ஒத்திவைத்தலும் தட்டிக்கழித்தலும்

ஆங்கிலச் சொல் ஒன்றன் எதிரே தமிழ்ச் சொல் ஒன்றை எழுதி, அதனை மனனஞ் செய்துவிட்டால் மொழி வந்துவிடும் என்னும் நம்பிக்கை நம் பாடசாலைகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதை அறிய விரும்புவோர் பெரிய நூல்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. கொழும்புப் புதுக்கடைக்குச் சென்று, நீதிமன்ற வாயிலில் சிறிது நேரம் செவிகொடுத்து நின்றாற் போதும். 'புட் ஓஃப்' என்னும் ஆங்கிலத் தொடரின் பொருள் வேறுபாடுகளை அங்கு மனிதரின் முகங்களிலேயே காணலாம். வழக்கு இன்னொரு நாளுக்கு மாற்றப்பட்டது கேட்டு ஒருவர் மகிழ்வார். அதே செய்தி கேட்டு மற்றவர் சோர்வார்.

'புட்' என்றால் வை. 'ஓஃப்' என்றால் அப்பால். இரண்டையுங் கூட்டினால் 'அப்பால் வை' என்றாகும். ஆயினும், இவ்விரு சொற்களையும் தனித்தனியே அறிந்த ஒருவன் இத்தொடரை அறிந்தவனாகான். சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலப் பேரகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் திரியும் இவ்வழக்கு அயல்மொழியாளரைப் பெரிதும் இடர்ப்படுத்தும் என்பதைக் குறித்துவைத்தார். அவர் குறித்த இடர்ப்பாடு இன்றும் தீர்ந்தபாடில்லை.

'புட் ஓஃப்' என்பதன் பொருள்களைச் சற்றே நோக்குவோம். கூட்டத்தையோ வழக்கையோ வேறொரு நாளுக்கு மாற்றுதல் ஒன்று. கடன் கேட்டு வந்தவனை 'நாளை வா, மறுநாள் வா' என்று சொல்லியனுப்புதல் மற்றொன்று. முன்னதில் தள்ளப்படுவது காரியம். பின்னதில் தள்ளப்படுபவன் ஆள். முன்னதைத் தமிழில் ஒத்திவைத்தல் என்போம். பின்னதைத் தட்டிக்கழித்தல் என்போம், சாக்குப்போக்குச் சொல்லுதல் என்போம். சோற்றிலே மயிர் கிடந்தால் உண்ண மனம் வாராது. அவ்வாறு மனத்தைப் பின்வாங்கச் செய்தலும் 'புட் ஓஃப்' தான். மேடையிற் பேசுகின்றவரை முன்வரிசையின் சிரிப்பொலி தடுமாறச் செய்தால் அதுவும் அதுவே. விளக்கை அணைத்தல், பழைய வழக்கில் ஆடையைக் களைதல், தோணி கரையை விட்டு நீங்குதல் ஆகியனவும் இத்தொடருக்குள் அடங்கும். இவ்வேழிடத்தும் 'ஒத்திவை' என்றே எழுதப் பழகிய மாணவன், விளக்கையும் ஒத்திவைப்பான், சட்டையையும் ஒத்திவைப்பான்!

இனி, ஒருபொருட் சொற்கள் எனப்படுவனவற்றைப் பார்ப்போம். 'போஸ்ட்போன்' என்பது இலத்தீன் வழிவந்தது. 'பின்னே வை' என்பது அதன் உறுப்புப் பொருள். 'அட்ஜேர்ன்' என்பது பழைய பிரெஞ்சு மொழிவழி வந்தது. அதன் உள்ளே கிடப்பது 'நாள்' என்னும் சொல். வேறொரு நாளைக் குறித்தலே அதன் முதற் கருத்து. நம்மவர் பேச்சில் வழங்கும் 'தவணை போடுதல்' இதற்கு எத்துணை அணுக்கமானது! 'ப்ரொக்ராஸ்டினேட்' என்பதன் நடுவே இலத்தீனின் 'நாளை' இருக்கிறது. ஆனால், அது சோம்பரின் குற்றத்தையே சுட்டும். தக்க காரணங்கொண்டு வழக்கை ஒத்திவைக்கும் நீதவானைப் பற்றி அச்சொல்லை வழங்குதல் பொருந்தாது. 'டிஃபர்' என்பது பணங் கொடுத்தல், முடிவு செய்தல் போன்றவற்றைப் பிற்படுத்துதலைக் குறிக்கும். அதனோடு 'டு' சேர்ந்தாலோ, ஒருவர் கருத்துக்கு மதிப்பளித்து இணங்குதல் என்றாகிவிடும். இவ்விரண்டும் ஒரே வடிவில் நின்றாலும், இருவேறு இலத்தீன் வினைகளிலிருந்து பிறந்தவை. ஆகவே, ஒருபொருட் சொற்கள் என்று நாம் வரிசையாக எழுதிக் கொடுப்பவை உண்மையில் உறவினரேயன்றி இரட்டையர் அல்லர்.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி விரும்புவோரின் பொழுதுபோக்கு என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவோர்க்காகவே புதுக்கடையை எடுத்துக் கூறினேன். 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் எனவும், சிங்களத்தில் அளுத்கடை எனவும், தமிழிற் புதுக்கடை எனவும் மும்மொழிப் பெயர் தாங்கிய இடம் அது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் ஐரோப்பியச் சொற்களை நம் பாட்டன்மார் தமிழாக்கி வழங்கியதும் இத்தகைய நீதிமன்றச் சூழலிலேயாம். 1974இல் அவ்விரு பிரிவினரும் ஒன்றாக்கப்பட்டுச் சட்டத்தரணிகள் ஆயினர். பெயர்கள் மாறின; மொழிச் சிக்கல் மாறவில்லை.

'தள்ளு' என்னும் நம் வினையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வழக்கைத் தள்ளிவைத்தார்கள்' என்றால், வழக்கு முடியவில்லை. இன்னொரு நாள் வரவேண்டும். 'வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்' என்றால், வழக்கு அத்துடன் முடிந்தது. இடையில் நிற்பது ஒரு சிறு சொல். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ வந்து, கூண்டில் ஏறி இறங்கிய எளிய மனிதர் ஒருவரிடம், 'உமது வழக்கைத் தள்ளியாயிற்று' என்று யாரேனும் அரைகுறையாகச் சொன்னால், அவர் எதனைக் கொள்வார்? முடிந்தது என்று எண்ணி வீட்டில் இருந்துவிட்டால், குறித்த நாளில் அவருக்குப் பிடியாணை பிறக்கக்கூடும். ஒரு துணைவினையின் பிழை ஒரு மனிதனைச் சிறைவாயில் வரை கொண்டுபோகும்.

1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாயின. நீதிமன்றம் நடைபெறும் மொழியை அறியாத கட்சிக்காரருக்கு உரைபெயர்ப்புப் பெறும் உரிமையும் உண்டு. எனினும், உயர் நீதிமன்றங்களில் ஆங்கிலம் இன்றும் வலுவுடன் வழங்குகிறது. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை, உரைபெயர்ப்பாளரின் நாவில் வந்து உட்கார்ந்த பின்னரே உயிர் பெறும். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரு சொல்லால் அவர் கடமை தீர்ந்துவிடாது. 'வழக்கு முடியவில்லை, இன்ன காரணத்தால் இன்று விசாரணை இல்லை, இன்ன திகதியில் நீர் வரவேண்டும்' என்று கூறுதலே உண்மையான மொழிபெயர்ப்பாகும் என்பது என் துணிபு.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இவ்வகை ஆங்கிலத் தொடர்கள் நம் மாணவருக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஆங்கிலம் வினையோடு சிறு சொல்லைச் சேர்த்துச் செய்வதை, தமிழ் வினையோடு வினையைச் சேர்த்துச் செய்கிறது. தள்ளிவை, தள்ளிப்போடு, தள்ளிப்போ, தள்ளிவிடு என்பன ஒரே வேரிற் கிளைத்தவை. ஆயினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. 'கலியாணம் தள்ளிப்போயிற்று' என்னும்போது குற்றம் ஒருவர்மீதும் இல்லை; 'தள்ளிப்போட்டார்கள்' என்றால் யாரோ ஒருவர் காரணர். 'மனைவியைத் தள்ளிவைத்தான்' என்றாலோ அது வேறு கதை. இந்நுட்பங்களை நம் பிள்ளை இலக்கணம் கற்குமுன்னரே வீட்டில் அறிந்திருக்கிறது. அவ்வறிவைத் தட்டியெழுப்பி, 'ஆங்கிலேயரும் இவ்வாறே செய்கின்றனர்' என்று காட்டினால், பாதி அச்சம் அன்றே நீங்கிவிடும்.

ஆதலால், பட்டியல்களை மனனஞ் செய்விக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஒரு தொடரைக் கற்பிக்குங்கால், யார், எதனை, யாருக்கு, எதன் பொருட்டு என்னும் நான்கு வினாக்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். பரீட்சைத் தாள்களும் 'ஒத்த சொல் தருக' என்று கேட்பதை விடுத்து, சூழ்நிலையைத் தந்து ஏற்ற சொல்லைக் கேட்டல் நலம். இதனைச் செய்யப் புதிய சட்டமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. அடுத்த தவணைப் பாடத்திலேயே தொடங்கலாம். இதனையும் நாம் ஒத்திவைத்தோமாயின், அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் ஒத்திவைத்தல் அன்று, தட்டிக்கழித்தலேயாம்.